ஞாயிற்றுக்கிழமை கார்: இரண்டு கதவு கூபே வாங்க 20 குறிப்புகள்

ஆபீஸுக்கும் மளிகைக்கும் மாமியார் வீட்டுக்கும் போக ஒரு கார் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஓட்டுகிற சந்தோஷத்துக்காகவே இன்னொன்று வேண்டும் என்று சிலருக்கு நெடுநாள் ஆசை. நீண்ட பானட், சரிந்த கூரை, இரண்டே கதவு. இந்த ரகக் கார் நம் ஊரில் அபூர்வம், விலையும் அதிகம். நம் சாலையும் வேகத்தடையும் அதை மனதில் வைத்துப் போடப்பட்டவை அல்ல. அவசரப்பட்டு வாங்கியவர்களின் கார்கள் கவர் போட்டபடி போர்ட்டிகோவிலேயே நிற்பதைப் பல தெருக்களில் பார்க்கலாம். அப்படி ஆகாமல் இருக்க, குதிரைத்திறனைக் கடைசியாகப் பாருங்கள். மற்றவற்றை இந்த வரிசையில் பார்க்கலாம்.

எந்தக் கார் நமக்குப் பொருந்தும்?

1. முதலில் வழியை முடிவு செய்யுங்கள். ஞாயிறு காலையில் எங்கே போகப் போகிறீர்கள்? சென்னைக்காரர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை போய்த் திரும்புபவர் என்றால், நீளமான, நிதானமாக நிற்கும் பெரிய கூபே சுகமாக இருக்கும். சேலம், கோவைப் பக்கத்துக்காரருக்குக் கணக்கு வேறு. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. இந்த வளைவுகளில் இரண்டாம் கியரைத் தாண்ட வாய்ப்பே குறைவு. அங்கே குட்டையான, லேசான கார்தான் ராஜா.

2. சக்தியை எடையால் வகுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் எடையைச் சொல்ல மாட்டார்கள். 2016இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங்கில் 5 லிட்டர் வி8 எஞ்சின், சுமார் 400 குதிரைத்திறன். ஆனால் எடை ஒன்றே முக்கால் டன்னை ஒட்டி வரும். அதே ஆண்டு வெறும் 99 கார்கள் மட்டும் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடிஐக்கு 192 குதிரைத்திறன்தான். எடையோ ஒன்றே கால் டன் அளவில். நேர்சாலையில் மஸ்டாங் முந்தும். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்து, திருப்பி, மறுபடி வேகமெடுக்கும்போது அந்த அரை டன் வித்தியாசம் கையிலும் காலிலும் தெரியும். எடை குறைந்தால் பிரேக் பேடும் டயரும் கூடுதல் காலம் உழைக்கும்.

3. எஞ்சின் எந்தச் சக்கரத்தை ஓட்டுகிறது என்று கேளுங்கள். மினி கூப்பர் எஸ் மூன்று கதவு கார், முன்சக்கர ஓட்டம், பழகுவது எளிது. பிஎம்டபிள்யூ எம்2 பின்சக்கர ஓட்டம். ஸ்டீயரிங் பிடிப்பது தனி ருசி, ஆனால் மழை ஈரத்தில் ஆக்ஸிலேட்டரை முரட்டுத்தனமாக மிதித்தால் வால் பக்கம் வழுக்கும். ஆடி டிடி குவாட்ரோவில் நான்கு சக்கரமும் இழுக்கும். ஈரச் சாலையில் தைரியம் தரும். போர்ஷே கேமனில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், நடுவில் இருக்கிறது. எடை சீராகப் பரவியிருப்பதால் வளைவுகளில் அலாதியாகத் திரும்பும். முதல் முறை இந்த ரகம் வாங்குகிறவர் முன்சக்கர ஓட்டமோ நான்கு சக்கர ஓட்டமோ எடுப்பது நல்லது.

4. கியரை டிராஃபிக்கை வைத்து முடிவு செய்யுங்கள். ஓட்டும் இன்பத்துக்கு மேனுவல்தான் என்பார்கள். மலையடிவாரத்திலேயே வீடு இருந்தால் சரி. தாம்பரத்தையோ காந்திபுரத்தையோ தாண்டித்தான் திறந்த சாலைக்கு வர முடியும் என்றால், ஸ்போர்ட்ஸ் காரின் கனத்த கிளட்ச் இடது முழங்காலைப் பதம் பார்க்கும். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் மின்னல் வேகத்தில் கியர் மாற்றும். ஆனால் அதில் உலர் கிளட்ச் வகை, ஊர்ந்து போகும் நெரிசலில் சூடேறித் தேய்ந்துவிடும். டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் நெரிசலைப் பொறுத்துக்கொள்ளும்.

5. பின்சீட்டை நம்பி வாங்காதீர்கள். "நாலு பேர் போகலாம் சார்" என்று விற்பவர் சொல்வார். பெரும்பாலான கூபேக்களில் பின்சீட்டு பையும் குடையும் வைக்கத்தான். வளர்ந்த ஒருவரை அங்கே உட்காரச் சொல்லுங்கள். தலை கண்ணாடியில் இடிக்கும், முழங்கால் முன்சீட்டில் முட்டும். குழந்தை உள்ள வீடு என்றால் குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

6. திறந்த கூரைக்கு ஆசைப்படும் முன் காலண்டரைப் பாருங்கள். பிஎம்டபிள்யூ இசட்4 போன்ற கூரை திறக்கும் கார்கள் படத்தில் மயக்கும். நம் வெயிலில் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி காலைகளிலும் மலைமேலும்தான் கூரையைத் திறக்க மனம் வரும். துணிக்கூரை வெயிலில் வெளிறும். ரப்பர் இறுகினால் மழைநீர் கசியும். கூரை மூடிய கூபே நம் ஊருக்குத் தோது.

7. புதுசு, பழசு இரண்டின் பட்டியலையும் போடுங்கள். மினி கூப்பர் எஸ், பிஎம்டபிள்யூ எம்2 போன்றவை ஷோரூமில் விற்பனைக்கு வந்தவை. மின்சாரக் கார் விரும்புவோருக்கு 2025இல் வந்த எம்ஜி சைபர்ஸ்டர், கூரை திறக்கும் இரண்டு சீட்டர். விலையோடு வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய கார் சந்தையில் ஆடி டிடி, மெர்சிடிஸ் எஸ்எல்கே, நிசான் 370இசட், மஸ்டாங், போலோ ஜிடிஐ, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அவ்வப்போது கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து பழைய கார் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால், மூன்று வயதுக்கு மேற்பட்ட காரை இறக்குமதி செய்யச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

டேப் எடுத்து அளந்து பாருங்கள்

8. உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றிப் பாருங்கள். முறைப்படி போட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவு. தெருக்காரர்களே கொட்டி வைத்த மேடு அந்தக் கணக்குக்குள் வராது. தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி மட்டும் போதாது, முன்பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். மஸ்டாங்கின் இடைவெளி 137 மில்லிமீட்டர், சக்கரங்களுக்கு நடுவே 2.7 மீட்டர். மேட்டின் உச்சியில் வயிறு தட்டும் வாய்ப்பு அதிகம். இரண்டு பேரை உட்கார வைத்து, மேட்டில் காரைச் சற்றுக் கோணலாக, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி விடுங்கள். அப்படியும் அடி தட்டினால் அந்தக் கார் உங்கள் தெருவுக்கு ஆகாது. சில போர்ஷேக்களில் மூக்கைத் தூக்கிக்கொள்ளும் வசதி உண்டு; பழைய கார் வாங்கும்போது அது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

9. பார்க்கிங் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அடுக்குமாடி வீட்டின் ஒரு கார் இடம் வழக்கமாக 2.5 மீட்டர் அகலம். கார் 1.9 மீட்டர் என்றால் மிச்சம் 60 சென்டிமீட்டர். நடுவில் நிறுத்தினால் ஒரு பக்கத்துக்கு ஓரடிதான். நாலு கதவுக் காரின் கதவைவிடக் கூபேயின் கதவு ஏறக்குறைய ஒரு சாண் நீளம். அந்த ஓரடியில் முழுதாகத் திறக்காது. பக்கத்துத் தூணும் பக்கத்து வீட்டுக்காரரின் காரும் அடி வாங்கும். அடித்தளப் பார்க்கிங் என்றால் இறங்கும் சரிவில் முன் பம்பர் தரையில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

10. வீட்டில் எல்லோரும் ஏறி இறங்கட்டும். தாழ்ந்த சீட்டு. உட்காருவது எளிது, எழுந்து வருவதுதான் சிரமம். சேலை கட்டியவர் ஒரு முறை ஏறி இறங்கிப் பார்க்கட்டும். இடுப்பு வலி, முழங்கால் வலி உள்ளவர் சீட்டில் இருபது நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுந்து பார்க்கட்டும். ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எந்தச் சீட்டும் சுகமாகத்தான் இருக்கும்.

11. பின்னால் வருவது கண்ணுக்குத் தெரிகிறதா? கூபேயின் பின் தூண்கள் தடித்தவை, பின் கண்ணாடி சிறியது. இடப்பக்கம் புகுந்து வரும் ஸ்கூட்டர் அந்தத் தூணில் மறைந்துபோகும். காரை நிறுத்தி, ஒருவரை இடது பின்மூலையிலிருந்து மெதுவாக முன்னோக்கி நடந்து வரச் சொல்லுங்கள். கண்ணாடியிலும் ஜன்னலிலும் அவர் எத்தனை அடி மறைகிறார் என்று பாருங்கள். பக்கவாட்டு எச்சரிக்கை விளக்கு உள்ள கார் கிடைத்தால் சில ஆயிரம் அதிகம் கொடுத்தாலும் தகும்.

பழைய கார் என்றால்

12. வெள்ளத்தில் நின்ற காரா என்று சோதியுங்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. அவற்றில் சில கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் ஈரவாடை, விளக்குக் கண்ணாடிக்குள் ஆவி, இவற்றில் இரண்டு இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். இந்தக் கார்களில் மின்னணுப் பெட்டிகள் பல சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் இருக்கும். தண்ணீர் பட்டால் செலவுக்கு முடிவே இராது.

13. டயரின் வயதைப் படியுங்கள். டயர் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23வது வாரம் செய்தது. அதிகம் ஓடாத கூபேயில் பட்டை புதிதாகத் தெரியும், ரப்பரோ கல்லாக இறுகியிருக்கும். ஆறேழு வயதான டயரை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் போட்ட கார்களில் இடம் மாற்றிப் போடவும் முடியாது. நான்கு சக்கர ஓட்டம் என்றால் நாலையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

14. எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். "நான் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது வரும் சங்கிலிச் சத்தமும் நீலப் புகையும்தான் உண்மையைச் சொல்லும். சில நிமிடத்தில் அடங்கிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாமல், ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் சர்வீஸ் பதிவில் உள்ளதையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

15. வேறு மாநிலப் பதிவு என்றால் கூடுதல் கவனம். வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரியில் பதிவான கார்களும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கு டெல்லியில் வந்த கட்டுப்பாட்டால் மலிவாகத் தெற்கே வரும் கார்களும் இருக்கின்றன. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி, வங்கிக் கடன் நீக்கிய சான்று ஆகியவற்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, மொத்தத் தொகையையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள்.

16. மாற்றிக் கட்டிய காரைத் தவிருங்கள். ஊரைக் கூட்டும் சைலன்சர், மென்பொருளைத் திருத்தி ஏற்றிய சக்தி, இன்னும் தாழ்த்திய ஸ்பிரிங் என்று முந்தைய உரிமையாளரின் ஆசைகளை நீங்கள் சுமக்க வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள நிறுவன விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிமுக்கு 2012லேயே தடை வந்துவிட்டது.

வாங்கிய பின் ஆகும் செலவு

17. உதிரி பாகத்தின் விலையை முன்பே கேளுங்கள். சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு நான்கு பொருளின் விலை கேளுங்கள்: முன் கண்ணாடி, ஒரு ஹெட்லைட், நான்கு பிரேக் டிஸ்க், ஒரு டயர். எத்தனை நாளில் வரும் என்றும் கேளுங்கள். 245/35 ஆர்19 டயரின் பக்கச் சுவர் சுமார் 86 மில்லிமீட்டர்தான். சாதாரண ஹேட்ச்பேக்கின் 185/65 ஆர்15 டயரிலோ 120. குழியில் விழுந்தால் இந்த மெல்லிய டயர் வீங்கிவிடும், சில சமயம் அலாய் வீலும் வளையும். பல கூபேக்களில் ஸ்டெப்னியே இல்லை. காற்றடிக்கும் கிட் ஒன்றுதான் துணை. அதை இயக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

18. பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். நம் சாதாரண பெட்ரோல் நீண்ட காலம் 91 ஆக்டேனாக இருந்தது. டர்போ எஞ்சின் கூபேக்கள் பல 95 கேட்கும். எக்ஸ்பி95, எக்ஸ்பி100 போன்றவை எல்லா பங்க்கிலும் கிடைக்காது. உங்கள் வழியில் எங்கே கிடைக்கும் என்று குறித்து வையுங்கள். இப்போது பங்க்கில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய கார்கள் பல 10 சதவீதத்துக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது என்பதால் மாதக்கணக்கில் ஒரே பெட்ரோலை டேங்கில் தேக்கி வைக்கக் கூடாது.

19. சும்மா நிற்கும் கார்தான் சீக்கிரம் கெடும். பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அமுங்கும், எலி ஒயரைக் கடிக்கும். தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது உபகாரம் என்று நினைத்து உபத்திரவம் செய்வதே. சைலன்சரில் ஈரம் தங்கும், பேட்டரியும் நிறையாது. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். முடியாதவர்கள் பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்கும் சிறு சார்ஜரை மாட்டி வையுங்கள். கம்மியாக ஓடும் காருக்கு, ஓடும் தூரத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் இன்சூரன்ஸ் துணைத் திட்டம் 2022 முதல் உண்டு. அதோடு எஞ்சின் பாதுகாப்பு, தேய்மானம் கழிக்காத காப்பீடு இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

20. சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். வேகம்தான் ஆசை என்றால் அதற்கு இடம் இருக்கிறது: இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம், கோவை அருகே கரி மோட்டார் ஸ்பீட்வே. பொதுச் சாலையில் அந்த வேலை வேண்டாம். ஷோரூம்காரர் காட்டும் இரண்டு கிலோமீட்டர் நேர்வழி டெஸ்ட் டிரைவ் எதையும் சொல்லாது. ஒரு வளைவு, ஒரு மேடு, ஒரு நெரிசல் மூன்றும் உள்ள வழியைக் கேட்டு வாங்குங்கள். பெருநகரங்களில் இந்த ரகக் கார் ஒரு நாள் வாடகைக்குக் கிடைத்தால் எடுத்து, உங்கள் வழக்கமான பாதையில் ஓட்டுங்கள். உதகை, கொடைக்கானல் பக்கம் போவதானால் இ-பாஸ் வாங்க மறக்காதீர்கள். நாள் முழுக்க 60க்குள் ஓட்டியும் அலுக்கவில்லை, இறங்க மனமில்லை என்றால் அதை வாங்குங்கள். 120ஐத் தொட்டால்தான் உயிர் வருகிற கார் என்றால், எத்தனை அழகாக இருந்தாலும், எத்தனை தள்ளுபடி சொன்னாலும், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.